இருபது வரை எண்ணியவர்

ஆல்டர்மியரில் ஈட்டிமீன் பிடிக்கத் தொடங்க நினைப்பவர்கள், கடைக்குப் போகுமுன் கிளிஃப் செட்சலின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். ஊர்க்காரர்கள் பைக் என்று சொல்லும் அந்த மீனின் வாய், வாத்தின் அலகு போல நீண்டு தட்டையானது. உள்ளே மேலண்ணம் முழுவதும் தொண்டையை நோக்கிச் சாய்ந்த பற்கள். சாதாரணத் தங்கூசி நரம்பு அந்தப் பற்களின் முன் ஒரு கணமும் நிற்காது. ஆகவே நரம்புக்கும் முள்ளுக்கும் இடையில் ஒரு முழ நீளத்துக்கு எஃகுக் கம்பி வேண்டும். அந்தக் கம்பியைக் கிளிஃப் தம் சமையலறை மேசையில் தாமே முறுக்கிக் கட்டினார். மும்முனை முட்கள் இரண்டைக் கோத்து, முறுக்கின்மேல் பச்சை நூலைச் சுற்றி, நூல் அவிழாதிருக்க மனைவி ஹேசலின் பழைய நகப்பூச்சில் ஒரு சொட்டு வைப்பார். பச்சை நூலும் கருஞ்சிவப்புச் சொட்டும் இருந்தால் அது கிளிஃப் கட்டிய கம்பி என்பது, அவர்கள் மீன் பிடிக்கும் வடிகால் வாய்க்காலின் கரையில் எல்லோருக்கும் தெரியும்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. அதில் முப்பத்து நான்கு ஆண்டுகளை நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்துக் கழித்து, அண்மையில்தான் ஓய்வுபெற்றிருந்தார். வயல்கள் வடிகாலைவிடத் தாழ்ந்து கிடக்கும் பகுதி அது; எந்திரம் இரண்டு நாள் ஓய்ந்தால் உருளைக்கிழங்கு அழுகிப் போகும். நீர்மட்டத்தை மணிக்கொரு முறை பார்த்துக் குறித்துப் பழகிய மனிதர் தூண்டிலையும் அதே ஒழுங்கோடு அணுகினார். ஒவ்வோர் அக்டோபரிலும் மதுக்கடையின் பின்னறையில், தூண்டில்காரர் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் ஒரு மணி நேரம் பாடம் நடத்துவார்.

“கோல் எதுவா வேணா இருக்கட்டும். உங்க மாமா பரண்ல கெடந்ததா இருந்தாலும் சரி. ஆனா நரம்பு கெட்டியா இருக்கணும், கம்பி புதுசா இருக்கணும், இடுக்கி உங்க முன்னங்கை நீளத்துக்கு இருக்கணும். இடுக்கி இல்லாம வர்றவன் அப்படியே வீட்டுக்குத் திரும்பிரலாம்” என்பார். பிறகு இரையைப் பற்றிச் சொல்வார். குளிர்காலத்தில் ஈட்டிமீன் துரத்திப் பிடிக்கச் சோம்பல்படும். செத்த மத்தியையோ பாதியாக நறுக்கிய கானாங்கெளுத்தியையோ அடித்தரையில் கிடத்தினால் மோப்பம் பிடித்து வரும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் அவர் குரலை உயர்த்துவார்.

“தக்கை அசைஞ்சா எண்ணாதீங்க. உடனே கோலைச் சுண்டுங்க! எங்கப்பா இருபது எண்ணுவாரு. மீன் இரையத் திருப்பி முழுங்கட்டும்னு காத்திருந்து அப்புறமாத்தான் சுண்டுவாரு. அவரு திங்கிறதுக்குப் பிடிச்சாரு. நாம திருப்பி விடுறதுக்குப் பிடிக்கிறோம். முழுங்கின மீனைத் திருப்பி விட்டா, அது விட்டதா ஆகாது.”

சங்கத்தின் விதிகளில் பதினொன்றாவதை எழுதியவரும் அவரே. தாமதமாகச் சுண்டி, முள்ளைத் தொண்டையில் விட்டுக் கம்பியை வெட்டியவர், அடுத்த பருவம் முடியும்வரை உறுப்பினர் அட்டையை இழப்பார். அந்த விதியைக் கொண்டுவந்தபோது எதிர்த்துப் பேசியவர்களை வாயடைக்கச் செய்தவரும் செயலாளராகிய அவரேதான்.

அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமை அவர் எண்ணினார்.

வடிகாலின் பழைய செங்கல் பாலத்தருகே ஒரு பெரிய பெண் மீன் இருந்தது. வாலின் மேற்பாதியில் அரைவட்டமாகக் கடிபட்ட குறையை வைத்து அதை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். மாட்டில்டா என்று அதற்குப் பெயர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதைக் கடைசியாக எடை போட்டவரும் கிளிஃப்தான். இருபத்தாறு பவுண்டு இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் மூன்று முறை அது அவருடைய இரையைக் கவ்வியது. மூன்று முறையும் அவர் உடனே சுண்டினார். மூன்று முறையும் பல்தடம் பதிந்த மத்தி மட்டுமே கரைக்கு வந்தது. மூன்றாம் முறை அந்தக் கடிபட்ட வால் நீர்ப்பரப்பை ஓங்கி அறைந்துவிட்டு மறைந்ததை அவர் கண்ணால் கண்டார். அதன்பின் ஒரு வாரம் அவருக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

செவ்வாய் காலை பத்து மணிக்குத் தக்கை ஒருமுறை தலையை ஆட்டிவிட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தது. கோலைக் கையில் எடுத்தார், கை சுண்டவில்லை. ஐந்து வரை மட்டும், என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். ஐந்தில் தக்கை நின்றது. நின்றால் மீன் இரையை வாய்க்குள் திருப்புகிறது என்று பொருள். இப்போது சுண்டினால் நான்காம் முறையும் வெறும் மத்திதான் வரும். பத்தாகட்டும் என்றார். கரையில் வேறு யாரும் இல்லை. பதினைந்தில் தக்கை மெல்ல, தீர்மானத்தோடு நடக்கத் தொடங்கியது. இருபதில் அவர் சுண்டினார்.

கைவலையில் அதைத் தூக்கி விரிப்பில் கிடத்தியபோது வாயில் முள் எதுவும் தெரியவில்லை. பச்சை நூல்கூடக் கண்ணில் படவில்லை. கம்பி மட்டும் நாக்கின் நடுவே நேராகத் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கணத்திலேயே இடுக்கியை எடுத்திருக்க வேண்டும். அவர் எடுத்தது தராசை. முப்பத்தொரு பவுண்டு, ஆறு அவுன்ஸ். அந்த வடிகாலில் எவரும் கண்டிராத எடை. கைப்பேசியைக் கோல்தாங்கியில் சாய்த்து வைத்து, மீனை மார்போடு அணைத்து, தாமாகப் படமெடுக்கும்படி செய்தார். முதல் படத்தில் தொப்பியின் நிழல் முகத்தில் விழுந்திருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் எடுத்தார். அடுத்ததில் வால் விடுபட்டிருந்தது. மறுபடி எடுத்தார். ஒன்றில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் இடுக்கி உள்ளே போனது, முள்ளை எட்டவில்லை. செவுளின் வழியாகக் கையை நுழைத்துத் திருப்பி எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதை அவர் இருபது பேருக்காவது செய்து காட்டியிருக்கிறார். குளிரில் விறைத்த விரல்களால் முயன்றார். செவுளிலிருந்து இரத்தம் கசிந்து விரிப்பில் பரவியதும் கை பின்வாங்கியது. பையிலிருந்து வெட்டுக்குறடை எடுத்து, எட்டிய இடத்தில் கம்பியை வெட்டினார். நீருக்குள் வாலைப் பிடித்து நெடுநேரம் தாங்கிக்கொண்டிருந்தார். அது போயிற்று, ஆனால் வழக்கமாக முகத்தில் நீரை வாரி அடித்துவிட்டுப் போகும் மீன், அன்று சத்தமில்லாமல் சரிந்து இறங்கியது.

முள் துருப்பிடித்துத் தானாகக் கழன்றுவிடும் என்று வண்டியில் திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டார். அக்டோபர் வகுப்பில் இந்தச் சமாதானத்தைச் சொல்பவர்களைத் ‘துருக்கட்சிக்காரர்கள்’ என்று பெயர் வைத்துக் கேலி செய்பவர் அவர்.

வீட்டில் ஹேசலுக்குப் படத்தைக் காட்டினார், காட்டாமலிருக்க முடியவில்லை. பள்ளிச் சமையலறையில் நின்றே உழைத்துவிட்டு வந்திருந்த அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“அடேயப்பா! முதலை மாதிரி இருக்கு. உங்க தலைவரு டெரிக்குக்குச் சொன்னியா?”

“சொன்னா சனிக்கிழமை முப்பது பேரு அங்க வந்து நிப்பான். இப்போதைக்கு வேணாம்.”

“முப்பது வருஷமா இதுக்குத்தானே அலைஞ்ச? மூஞ்சியில சந்தோஷத்தையே காணோம்” என்றாள் ஹேசல். அவர் காலுறைகளை அலசப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, நீரேற்று நிலையத்தின் கம்பித் தடுப்பில் நாணல் குப்பையோடு மாட்டில்டா செத்து ஒதுங்கியிருந்தது. நாயோடு நடக்கப் போன மிக் கட்லாக் அதைக் கண்டான். டிராக்டர் பழுதுபார்க்கும் மிக்குக்கு வாய் அதிகம். ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் செயலாளரை அழைத்தான். கிளிஃப் போய்ச் சேர்ந்தபோது நான்கு பேர் கூடியிருந்தார்கள். மிக் மீனைப் புல்லில் கிடத்தி, குறட்டால் தொண்டைக்குள்ளிருந்து கம்பியை வெளியே இழுத்திருந்தான். கம்பி வெட்டுப்பட்டிருந்தது. பச்சை நூலும் கருஞ்சிவப்புச் சொட்டும் பளிச்சென்று தெரிந்தன.

“பாரு, உன் கம்பி” என்றான் மிக்.

எல்லாம் முடிந்தது என்றே கிளிஃப் நினைத்தார்.

“உன் கையால கட்டிக் குடுத்த கம்பி. இந்த வேலைய நீ பண்ணியிருக்க மாட்ட, அது பச்சைக் கொழந்தைக்கும் தெரியும். நீ குடுத்தவங்கள்ல எவன் பண்ணினான்னுதான் கேள்வி. இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தக் காலிஃபிளவர் கொட்டகைக்காரன்தான். போன அக்டோபர்ல நீதானே அவனுக்கு ஒரு டப்பா நிறையக் குடுத்த?”

ரோமஸைத்தான் சொன்னான். முழுப் பெயர் ரோமுவால்டாஸ், லிதுவேனியாக்காரர், நாற்பத்தேழு வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலிஃபிளவர் வெட்டிக் கட்டும் கொட்டகையில் மனைவியோடு வேலை செய்பவர். ஏரிகளின் நடுவே பிறந்து வளர்ந்த அவருக்கு ஈட்டிமீனைப் பற்றிக் கிளிஃப் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. பாடம் முடிந்த அன்று, முள் கழலாதபடி பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனைகளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினால் இன்னும் எளிதாகக் கழற்றலாமே என்று அவர் சொல்ல, கிளிஃப் வீட்டுக்கு வந்து செய்து பார்த்து, சரிதான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

“அவன் ஊர்ல கிறிஸ்துமஸுக்கு இதத்தான் திங்கிறான். இங்க வந்து மட்டும் முத்தம் குடுத்தா விடுவான்?” என்றான் மிக். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தின்பதற்குப் பிடித்தவன் ஏன் கம்பியை வெட்டி மீனை விட வேண்டும் என்ற கேள்வி கிளிஃபின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

“பார்க்கலாம். ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுவோம்” என்றார்.

அன்று அவர் சொன்னது அவ்வளவுதான். ரோமஸ் செய்தார் என்று அவர் சொல்லவில்லை. இந்த நியாயத்தை வாரம் முழுவதும் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது இன்னும் கொஞ்சம் நாறியது. செயலாளர் என்ற முறையில், ரோமஸுக்குக் கூட்ட அறிவிப்பை எழுத வேண்டியவரும் அவரே. ‘பதினொன்றாம் விதியின்கீழ் விளக்கம் அளிக்கும்படி’ என்று எழுதி, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தார். கையெழுத்து வழக்கம்போல அழகாகவே விழுந்திருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் ரோமஸ் வீட்டுக்கு வந்தார். மழிக்காத தாடியும் கழுவிச் சிவந்த கைகளுமாக வாசலில் நின்று, காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். கையில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி.

“உக்காருங்க ரோமஸ். டீ போடறேன்” என்றாள் ஹேசல்.

“வேணாம்மா, அஞ்சு நிமிஷம்தான். வண்டியில பொண்டாட்டி உக்காந்திருக்கா.” பெட்டியைத் திறந்து கிளிஃபின் முன் நகர்த்தினார். உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றும் ஒரு தக்கையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. “எண்ணிப் பாருங்க. நீங்க எனக்கு ஆறு குடுத்தீங்க. இதுல ஆறு இருக்கு. நாலு இன்னும் தண்ணியையே பாக்கல.”

கிளிஃப் எண்ணினார். எண்ணத் தேவையில்லை, கொடுத்தது ஆறு என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

“ஆறுதான்.”

“அதை நாளைக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம். நான் சொன்னா அவங்களுக்கு அது வெறும் சத்தம். நீங்க சொன்னா பேச்சு.” சற்று நிறுத்தி, வருத்தமும் கேலியும் கலந்த குரலில் தொடர்ந்தார். “அந்த மிக் கொட்டகை வாசல்லயே வந்து கேக்கறான், மீன் குழம்பு எப்படி இருந்துச்சுன்னு. ஏம்ப்பா, குழம்பு வச்சிருந்தா அது எப்படித் தடுப்புல வந்து மிதக்கும்னு கேட்டேன். அதுக்கும் சிரிக்கிறானுங்க. எனக்கு இங்க ஞாயித்துக்கிழமைன்னா அந்தக் கரை மட்டும்தான், கிளிஃப். வேற எடம் கெடையாது.”

“சொல்றேன்” என்றார் கிளிஃப். ரோமஸ் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளிஃப் தம் கை பிடிபட்டிருந்த நேரம் முழுவதும் மேசைவிரிப்பின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி கிளம்பிய பிறகும் ஹேசல் சன்னலருகிலேயே நின்றாள்.

“தடுப்புல ஒதுங்கினது மாட்டில்டான்னு கடையில பேசிக்கிட்டாங்க. வால்ல கடிபட்ட தழும்பாம்.”

கிளிஃப் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினார்.

“எனக்குக் காட்டின படத்துலயும் வால்ல கடிபட்டிருந்துச்சு, கிளிஃப்.”

“ஹேசல்…”

“என்கிட்ட ஒண்ணும் சொல்லாத. சொன்னா நானும் சேர்ந்து மறைக்கணும். நாளைக்குச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கிறேன். பேசுறது உன் பாடு.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மதுக்கடையின் பின்னறையில் ஒன்பது பேர் கூடினார்கள். தலைவர் டெரிக் ஃபியரி உருளைக்கிழங்கு லாரி ஓட்டுபவர். சண்டை பிடிக்காத மனிதர். கூட்டம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று எப்போதும் நினைப்பவர். மேசை நடுவே ஒரு பிளாஸ்டிக் பையில் வெட்டுப்பட்ட கம்பி இருந்தது. கிளிஃப் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து தேதியை எழுதினார். ரோமஸ் கதவோரம் உட்கார்ந்து, பிஸ்கட் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

கிளிஃபின் மனத்தில் ஒரு கணக்கு இருந்தது. ஆறு என்று சொல்லிவிடலாம். ரோமஸ் தப்பிவிடுவார். செய்தவர் யாரென்று தெரியவில்லை என்று டெரிக் முடித்துவிடுவார். யாருக்கும் தீங்கில்லை. காலையில் முகம் மழிக்கும்போது இந்தக் கணக்கு அவருக்கு மிகச் சரியாகத் தோன்றியது.

“நான் ரோமஸுக்குக் குடுத்தது ஆறு. ஆறும் அவருகிட்ட இருக்கு. நேத்து நானே எண்ணினேன்” என்றார்.

“அட, அதனால என்ன?” மிக் பின்னால் சாய்ந்தான். “பச்ச நூலும் நகப்பூச்சும் கெடைக்காத பொருளா? பாத்துப் பாத்து ஒண்ணு அவனே கட்டியிருப்பான். கெட்டிக்காரன்தானே?”

“எனக்குக் கம்பி கட்ட வராது” என்றார் ரோமஸ். “வந்திருந்தா ஏன் இவருகிட்ட வாங்கப் போறேன்?”

“பாத்தியா, பதில் ரெடியா இருக்கு!”

“மிக், சும்மா இரு” என்றார் டெரிக். பையைக் கிளிஃபின் பக்கம் தள்ளினார். “கட்டினவனுக்குத் தன் கட்டு தெரியும். பாத்துச் சொல்லு. இது நீ கட்டினதா, பாத்துக் கட்டினதா?”

கிளிஃப் கம்பியைக் கையில் எடுத்தார். முறுக்கின் ஒன்பது சுற்றும் நெருக்கமாக இருந்தன. முட்களின் எதிர்முனைகள் தட்டையாக நசுக்கப்பட்டிருந்தன. ரோமஸ் சொன்ன யோசனைக்குப் பிறகு கட்டியது. கட்டியது கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை என்பதும், அப்போது வானொலி ஓடிக்கொண்டிருந்ததும்கூட அவருக்கு நினைவு வந்தது. ‘பாத்துக் கட்டினது’ என்ற இரண்டு சொற்கள் போதும். எல்லோரும் கலைந்து மதிய உணவுக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு சொற்களும் தம் வாய்க்குள் தயாராக இருப்பதை உணர்ந்தபோதுதான், தாம் எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

“என்னுதுதான்.”

“அப்ப யாருக்குக் குடுத்த?”

“யாருக்கும் குடுக்கல.”

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது.

“போன வாரம் செவ்வாக்கிழமை, செங்கல் பாலத்துக்கிட்ட. நான்தான் பிடிச்சேன். எண்ணினேன். இருபது வரைக்கும் எண்ணித்தான் சுண்டினேன். முழுங்கிருச்சு. எடுக்கப் பாத்தேன், முடியல. கம்பிய வெட்டி விட்டேன். திங்கக்கிழமை உங்க எதிர்ல நின்னப்பவே சொல்லியிருக்கணும்.”

“எவ்வளவு நேரம் தண்ணிக்கு வெளிய இருந்துச்சு?” என்றார் டெரிக், கேட்பதற்கு வேறொன்றும் தோன்றாதவராக.

“நாலு நிமிஷம்” என்றார் கிளிஃப். சொல்லிவிட்டுப் புத்தகத்தில் அதை எழுதினார்.

தம்மைத் திட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். நடந்தது வேறு. முதலில் மிக்தான் சிரித்தான்.

“போய்யா! இதுக்கா இந்த மூஞ்சி? எவனுக்கு நடக்கல? என் மச்சானுக்குப் போன வருஷம் நடந்துச்சு, வெளிய சொல்லல, அவ்ளோதான். சரி, எடை எவ்வளவு, அதச் சொல்லு முதல்ல!”

“முப்பத்தொண்ணு ஆறு.”

மேசையைச் சுற்றி ஒரு சீழ்க்கை ஒலி எழுந்தது. ஒருவர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார். ஒரு நிமிடத்துக்கு முன் விசாரணையாக இருந்தது பாராட்டு விழாவாக மாறிக்கொண்டிருந்தது. கிளிஃப் சட்டைப்பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். டெரிக் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளினார்.

“விதின்னு ஒண்ணு இருக்கு, டெரிக்.”

“விதி தெரியாம பண்றவனுக்கு. உனக்கு இல்ல. சரி, முறைப்படி கை தூக்கிருவோம். அட்டைய எடுக்கணும்னு சொல்றவங்க?”

கதவோரத்தில் ஒரு கை உயர்ந்தது. ரோமஸ் அதை அவசரப்படாமல், பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தவரைப் போல உயர்த்தினார்.

“நெஞ்சழுத்தம் பாரு!” என்றான் மிக். “உன்னைக் காப்பாத்தினவனுக்கே…”

“அவரும் உறுப்பினர்தான். கை எண்ணிக்கை ஒண்ணு” என்றார் டெரிக். “வேண்டாம்னு சொல்றவங்க?”

ஏழு கைகள் உயர்ந்தன. கிளிஃபின் கை எந்தப் பக்கமும் உயரவில்லை. தப்பித்தோம் என்று உடம்பு தளர்ந்ததையும், அந்தத் தளர்ச்சி இதமாக இருந்ததையும் அவர் அருவருப்போடு கவனித்தார். ரோமஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அந்த அறையில் எவருக்கும் தோன்றவில்லை. மிக் எல்லோருக்கும் பீர் சொல்லப் போனான். ரோமஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கிளிஃப் வண்டி நிறுத்துமிடத்தில் அவரை எட்டிப் பிடித்தார். மழை தூறிக்கொண்டிருந்தது.

“ரோமஸ். உன்கிட்ட நான் நேத்தே…”

“ஆமா. நேத்தே சொல்லியிருக்கலாம். என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க” என்றார் ரோமஸ். குரலில் சூடு இல்லை. அதுதான் கிளிஃபுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. “கை தூக்கினது கோவத்துல இல்ல. அந்த விதியப் படிச்சுப் பாத்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். நல்ல விதி. எங்க ஊர்ல அப்படி ஒண்ணு இல்லையேன்னு நெனச்சேன்.”

ரோமஸ் வண்டிக் கதவைத் திறந்து பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார்.

“படம் எடுத்தீங்களா?”

அந்தக் கேள்வியை மீன்பிடிப்பவன் எவனும் கேட்பான். கிளிஃப் கைப்பேசியைத் திறந்து கொடுத்தார். ரோமஸ் திரையில் விழுந்த துளியை முழங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தார். முதல் படத்தை விரலால் விரித்து, வாலையும் வாயையும் வெகுநேரம் பார்த்தார். மெல்லிய குரலில் தம் மொழியில் ஏதோ சொன்னார். அது வியப்பு என்பது மட்டும் புரிந்தது. பிறகு அடுத்த படம். அதற்கடுத்தது. தொப்பி உள்ளது, தொப்பி இல்லாதது, வால் விடுபட்டது, சிரிப்பது. கடைசிப் படம் வரை போனவர் மீண்டும் முதல் படத்துக்கு வந்தார். ஒவ்வொரு படத்தின் மேலும் எடுத்த நேரம் சிறிய எழுத்தில் இருந்தது. அவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“நாலு இல்ல” என்றார் கிளிஃப். “படம் எடுக்க மட்டுமே ஏழு நிமிஷம். அதுக்கப்புறம்தான் இடுக்கிய எடுத்தேன். மொத்தம் பன்னெண்டு ஆகியிருக்கும்.”

ரோமஸ் தலையசைத்தார்.

“அத எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? எல்லாரும் இன்னும் உள்ளதானே இருக்காங்க?”

அவர் வண்டி புறப்பட்டுப் போயிற்று. கிளிஃப் ஈரச்சட்டையோடு பின்னறைக்குத் திரும்பினார். அவருக்கென்று வாங்கி வைத்திருந்த பீர் மேசையில் நுரைத்துக்கொண்டிருந்தது. “நாயகன் வந்தாச்சு!” என்று மிக் கூவினான். கிளிஃப் உட்காரவில்லை. சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, எடுத்த நேரம் எல்லோருக்கும் தெரியும்படி கைப்பேசியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். நான்காம் படத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. சிரித்த முகத்தோடு அவர் இருந்த படம் வந்தபோது டெரிக் பார்வையை விலக்கிக்கொண்டார்.

“இத ஏன்யா இப்பக் காட்டுற?” என்றான் மிக், முதல்முறையாகத் தாழ்ந்த குரலில்.

கிளிஃப் நடவடிக்கைப் புத்தகத்தை இழுத்து, நான்கு என்ற எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே பன்னிரண்டு என்று எழுதினார். வாக்கெடுப்பைப் பற்றிய வரிக்குக் கீழே, செயலாளர் தமது அட்டையைத் தாமே ஒப்படைத்தார் என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிட்டார். அட்டையை அந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். இந்தமுறை அதை யாரும் அவர் பக்கம் திருப்பித் தள்ளவில்லை.